80 ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லை: ஜாக் அனிமாம் போல வளர மதுரையில் வழி உண்டா?

கேள்வி: திருமங்கலத்துத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து அடி பதினோரு அங்குல உயரம். பள்ளிக் கூடைப்பந்து அணியில் சென்டராக, அதாவது வளையத்தின் அருகே நிற்கும் உயரமான ஆட்டக்காரராக, ஆடுகிறாள். பிலிப்பைன்ஸ் வீராங்கனை ஜாக் அனிமாமின் ஆட்டங்களைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். தடுப்பவரை முதுகால் அடைத்து நிறுத்தி, ஒரு கையை உயர்த்திப் பந்து கேட்பதை, விடியற்காலையில் பள்ளியின் சிமெண்ட் தரையில், வலை அறுந்துபோன வளையத்தின் கீழே தனியாக நின்று செய்து பார்க்கிறாள்.

அனிமாம் ஐந்து ஆண்டுகள் கல்லூரிக்காக 80 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அது உண்மையா? உண்மையானால் அந்தக் கல்லூரி அவருக்குக் கொடுத்தது என்ன? மகளை மதுரையிலேயே சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்புவதா என்று நானும் அவள் தாயாரும் ஒரு மாதமாகத் தவிக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், செல்லூர்

ஐயா, உங்கள் மகள் சொன்னது உண்மைதான். மணிலாவின் யு.ஏ.ஏ.பி. என்னும் பல்கலைக்கழகப் போட்டியில் எட்டு அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளை இரண்டு முறை சந்திப்பதால் லீக் சுற்றில் மட்டும் 14 ஆட்டங்கள் வருகின்றன. மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரை முதல் இரண்டிலேயே வென்றுவிட்டால் மொத்தம் 16. அனிமாம் ஆடிய நேஷனல் யுனிவர்சிட்டி அணி 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டுகளும் இப்படியே தோல்வியின்றி 96 ஆட்டங்களை வென்றது. அவற்றில் 2015 முதலான ஐந்து ஆண்டுகள் அவருடையவை.

ஆனால் நான் உங்கள் கண்ணில் பட வேண்டுமென விரும்புவது தோல்விக் கணக்கிலுள்ள அந்தச் சுழியத்தை அல்ல, ஆடக் கிடைத்த அந்த 80 ஆட்டங்களை. நம் பக்கத்தில் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதல் ஆட்டத்திலேயே தோற்ற பிள்ளைக்கு அந்த ஆண்டு அதோடு சரி. செய்த பிழையைத் திருத்திக் காட்ட அடுத்த வாரம் என்று ஒன்று அவளுக்கு இல்லை. முப்பது ஆண்டுகளாக நல்ல உயரமும் நல்ல கையும் உள்ள எத்தனையோ பெண்களை நான் இப்படி இழந்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டுகளில் அங்கே கல்லூரி அணிக்கும் தேசிய மகளிர் அணிக்கும் பயிற்றுநராக இருந்தவர் ஒருவரே, பேட்ரிக் அக்கினோ. அனிமாமோடு தேசிய அணியில் ஆடிய ஆஃப்ரில் பெர்னார்டினோவும் அதே கல்லூரியிலிருந்து வந்தவர். கல்லூரியில் பழகிய ஆட்டமுறையையே தேசிய அணியிலும் தொடர்ந்ததால், அவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவை எழவில்லை.

பதில் 2: கே.கே. நகரிலிருந்து ஒரு ரசிகை

2019 செப்டம்பரில் பெங்களூரில் நடந்த மகளிர் கூடைப்பந்து ஆசியக் கோப்பைக்கு மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்றேன். ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் தோற்கும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்ற நிலையில், இந்தியாவும் பிலிப்பைன்ஸும் மோதின. நம் பெண்கள் தோற்றார்கள். அன்று அரங்கில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அதே ஆண்டு டிசம்பரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பிலிப்பைன்ஸ் மகளிர் அணி, வரலாற்றிலேயே முதன்முறையாகக் கூடைப்பந்தில் தங்கம் வென்றது. அனிமாம் அதிலும் ஆடினார், மூவர் அணி ஆட்டத்திலும் தங்கம் பெற்றார்.

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோல்வியே காணாத கல்லூரி ஆட்டத்தில் ஒரு குறையும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தன் உயரத்துக்கு ஈடானவர்களை அங்கே அனிமாம் அதிகம் சந்தித்திருக்க மாட்டார். அதன் பிறகு அவர் தைவானின் ஷி சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2021-இல் அங்கும் பட்டம் வென்று, அடுத்து செர்பியாவின் கிராகுயெவாச் நகர அணிக்குச் சென்றார். ஆகவே சென்னையா மதுரையா என்பதை மட்டும் கேட்காதீர்கள். எங்கே அவளைவிட வலியவர்களோடு மோத முடியும் என்றும் கேளுங்கள். சென்னையில் தெற்கு ரயில்வே போன்ற அணிகள் இருப்பது அந்த வகையில் பெரிய பேறு. 18 ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை அந்த அணியில் ஆடியவர்தான்.

பதில் 3: முன்னாள் வீராங்கனை, இப்போது பிசியோதெரபிஸ்ட், அண்ணாநகர்

அண்ணா, நீங்கள் எழுதியதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்தச் சிமெண்ட் தரைதான். செர்பியாவில் ஆடிக்கொண்டிருந்தபோது, 2021-இன் இறுதியில், அனிமாமின் முழங்காலில் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிந்தது. நீண்ட காலம் விலகியிருந்து மீண்டு வந்து, 2023 ஆசியக் கோப்பையில் சீன தைபேயை (தைவானை) வென்று ஆறாம் இடம் பிடித்த அணியில் அவர் ஆடினார். அவருக்குத் திரும்பிவர மருத்துவரும் பயிற்சியும் வாய்த்தன. எனக்குப் பத்தொன்பது வயதில் அதே காயம் ஏற்பட்டபோது, நான் படித்த கல்லூரியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அடுத்த வாரமே ஆடச் சொன்னார்கள். அத்துடன் என் ஆட்டம் முடிந்தது.

உங்கள் மகள் ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்து இறங்குவதை நாளைக் காலையில் முன்னால் நின்று பாருங்கள். முழங்கால்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்கின்றனவா, ஒற்றைக் காலில் இறங்குகிறாளா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் வளையத்தடியில் குதிப்பதைச் சில வாரம் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சியை முதலில் தொடங்க வேண்டும். எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும், அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஐயா, இரு சகோதரிகளே, மிக்க நன்றி. இன்று காலை பார்த்தேன். இடது முழங்கால் உள்ளே சாய்கிறது. அண்ணாநகர் சகோதரியிடம் சனிக்கிழமை அழைத்து வரலாமா? மதுரையில் ஒரு கல்லூரிக்கும் மாலையில் சென்று, ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் கிடைக்கும் என்று கேட்டேன். உடற்கல்வி இயக்குநர் விரல்விட்டு எண்ணி, நன்றாக ஆடினால் ஏழு என்றார். மகள் பேருந்தில் எதுவும் பேசாமல் வந்தாள். வீட்டுக்கு வந்ததும், சென்னைக் கல்லூரிகளின் தேர்வுப் போட்டி எப்போது நடக்கும் என்று கேட்டாள். தேதி தெரிந்தவர்கள் இங்கே தெரிவிக்கவும்.