மகளுக்கு முதுகு ஒரு பக்கமா வளையுது, உருவி விட்டா சரியாகுமா?

சுங்கை சிப்புட் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் மக படிவம் 1, வயசு 13. போன மாசம் பாஜு கூரோங் (தொளதொளன்னு இருக்கற மலாய் உடுப்பு) தைக்க அளவெடுக்கறப்ப தையக்கார அக்காதான் கண்டுபிடிச்சாங்க, "இடுப்பு ஒரு பக்கம் தூக்கலா இருக்கே"ன்னு. வீட்டுல குனிய சொல்லி பாத்தா வலது பக்க முதுகு மேடா எழும்பி நிக்குது, ஆனா வலியே இல்லைங்கறா. தோட்டத்து பாட்டிகிட்ட மூணு வாட்டி உருவி விட்டாச்சு, மாமியார் ஸ்கூல் பேக் கனம்தான் காரணம்ங்கறாங்க, ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு எனக்கு பயம், இன்னும் டாக்டர்கிட்ட காட்டல. என்ன செய்யலாம்?

பிசியோ தம்பி:
அக்கா, குனிய வச்சு பாத்தீங்களே, நாங்களும் முதல்ல அதான் செய்வோம். பேக் காரணம் இல்ல, பிள்ளைய திட்டாதீங்க. பெரும்பாலும் காரணம் தெரியாம வளர்ற வயசுல வர்றது இது, முதுகெலும்பு வளைஞ்சு கூடவே முறுக்கிக்கவும் செய்யுது, அதான் விலா மேடா தெரியுது. உருவுனா சதை இளகும், வளைவு நேராகாது. கிளினிக்குல சூராட் (டாக்டர் எழுதித்தர்ற கடிதம்) வாங்கி எலும்பு டாக்டர்கிட்ட போங்க, நின்ன மாதிரி எக்ஸ்ரே எடுத்து வளைவு எத்தன டிகிரின்னு அளப்பாங்க. 10க்கு மேல போனாதான் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டுல வளையற நோய்னு சொல்வாங்க, 25 வரைக்கும் பொதுவா சில மாசத்துக்கு ஒருதடவ பாத்துக்கிட்டே வருவாங்க, 25லேர்ந்து 40, 45க்குள்ள இருந்து பிள்ளை இன்னும் வளர்றான்னா பிரேஸ், அதாவது உடம்ப சுத்தி போடற கெட்டியான பட்டை. ஆபரேஷன் பேச்சு பெரும்பாலும் அதுக்கும் மேலதான். ஒண்ணு கேக்கணும், பிள்ளை வயசுக்கு வந்துட்டாளா?

சுங்கை சிப்புட் அம்மா:
நாலு மாசம் முன்னதான் தம்பி சடங்கு சுத்துனோம். அதுக்கும் இதுக்கும் என்ன?

பிசியோ தம்பி:
வயசுக்கு வந்தப்புறம் சுமார் ரெண்டு வருஷம் உயரம் கூடும்க்கா, வளைவும் அந்த நேரத்துலதான் கூடலாம், பிரேஸ் வேலை செய்யறதும் அதுக்குள்ளதான், அதான் அவசரப்படுத்துறேன். அமெரிக்கா கனடாவுல பண்ணி 2013ல வந்த ஆராய்ச்சியில பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரிய தொடாம வளர்ச்சி முடிஞ்சுச்சு, போடாதவங்கள்ல 48. தினம் 13 மணி நேரம்கிட்ட போட்டவங்கள்ல 90க்கும் மேல. ஷ்ராத்னு ஒரு பயிற்சி இருக்கு, ஜெர்மனியில உருவானது, வளைவுக்கு ஏத்த மாதிரி மூச்சு விட கத்துக்கொடுப்பாங்க, அதையும் கேளுங்க, ஆனா பிரேஸ் வேணும்னு சொன்னா பயிற்சிய மட்டும் நம்பி அத விட்டுடாதீங்க.

பீடோர் பொண்ணு:
அக்கா, எனக்கு 12 வயசுல 31 டிகிரி. ரெண்டரை வருஷம் பிரேஸ் போட்டேன், இப்ப வேலைக்கு போறேன், கடைசி எக்ஸ்ரேல 33. நேராகல, ஆனா நின்னுடுச்சு, பிரேஸ் அதுக்குத்தான்னு எங்க டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு. நம்ம ஊரு வெயில்ல முதல் ரெண்டு வாரம் அழுதேன், வேர்த்து இடுப்பெல்லாம் சிவந்து போச்சு. உள்ள தையல் இல்லாத காட்டன் பனியன், நாளைக்கு ரெண்டு மூணு மாத்தினேன், அப்பறம் பழகிடுச்சு. மேல பாஜு கூரோங் போட்டா வெளிய தெரியவே தெரியாது. நெட்பால் ஆடறப்ப கழட்டிடுவேன். எங்கம்மா ஒருநாளும் "பாவம் பிள்ளை"ன்னு யார்கிட்டயும் சொல்லல, அது எனக்கு பெரிய பலமா இருந்துச்சு.

பாகான் செராய் அப்பா:
தம்பி, என் மகன் 15, போன் பாத்து பாத்து கூன் போட்டு நடக்கறான், அவனுக்கும் பிரேஸா?

பிசியோ தம்பி:
அண்ணே, நிமிர சொன்னா நேரா நிமிர்றானா? அப்ப பழக்கம்தான், முதுகு சதைக்கு பயிற்சி, நீச்சல், அடிக்கடி எழுந்து நடக்கறது போதும். நிமிர்ந்தும் மேல் முதுகு விறைப்பா வளைஞ்சே இருந்தா எக்ஸ்ரே எடுத்துடுங்க.

சுங்கை சிப்புட் அம்மா:
திங்கக்கிழமை காலையிலயே கிளினிக் போறோம், மாமியாரும் வர்றாங்க. தங்கச்சி, அந்த பனியன் எங்க வாங்குன?