உளவியல் தொடங்கியது ஏதென்சிலா, லைப்சிக்கிலா?

சுங்கை சிப்புட் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். உளவியல் பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டு பயில்கிறேன். எங்கள் பாடநூல் பண்டைய ஏதென்சில் கற்பித்த தத்துவ அறிஞர் அரிஸ்டாட்டிலில் தொடங்குகிறது. விரிவுரையாளரோ, 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்ததே தொடக்கம் என்கிறார். நினைவைப் பற்றியும் உணர்ச்சியைப் பற்றியும் தத்துவ அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக எழுதி வந்திருக்க, வுண்ட் புதிதாகச் செய்தது என்ன? செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மனச எப்படிம்மா நிறுக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, உன் அப்பா கேட்டதைத்தான் ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன நிகழ்வுகளுக்குக் கணிதம் பொருந்தாது, ஆகவே உளவியல் முறையான இயற்கை அறிவியலாக முடியாது என்று 1786இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் எழுதினார். அதற்கு மறுப்பு வாதத்திலிருந்து வரவில்லை, எடைகளிலிருந்து வந்தது. லைப்சிக்கில் உடலியல் பேராசிரியராக இருந்த ஏர்ன்ஸ்ட் வேபர், இரண்டு எடைகளைத் தூக்கச் சொல்லி எது கனம் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்து, வேறுபாடு புலப்படுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த கூடுதல், ஏற்கெனவே கையில் இருக்கும் எடையின் ஒரு குறிப்பிட்ட பங்காகவே அமைகிறது என்று கண்டார்.

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். தோளில் வைத்துச் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டு போவார். அடியில் கொஞ்சம் பால் இருக்கும் வாளியில் நாலு மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) ஊற்றினால் தோள் உடனே உணரும், நிறைந்த வாளியில் அதே நாலு மங்கைக் கவிழ்த்தாலும் தெரியாது என்பார். வேபர் எண்ணாக்கியது இதைத்தான். குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூலில் இதைச் சூத்திரமாகவே விரித்தார்: தூண்டல் பெருக்குத் தொடராக (1, 2, 4, 8 என) ஏறினால்தான் உணர்வு கூட்டுத் தொடராக (1, 2, 3, 4 என) ஏறும். வுண்ட் இத்தகைய சோதனைகளை ஓரிடத்தில் திரட்டி, மாணவர்கள் வந்து பயிலும் துறையாக நிலைநிறுத்தினார். கேள்விகள் ஏதென்சுக்கு உரியவை, அளக்கும் முறை உடலியலாளர்களுக்கு உரியது என்பதே என் கருத்து.

தைப்பிங் வாசகர்:
எடையோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கை. நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே இயலாது என்று பலரும் நம்பியிருந்தபோது, ஜெர்மானிய உடலியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று கண்டார். பின்னர் டச்சு அறிஞர் டோண்டர்ஸ், ஒரே விளக்குக்குக் கை அசைப்பதற்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அசைப்பதற்கும் ஆகும் நேரங்களைக் கழித்து, தேர்வுக்கு மட்டும் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டார்.

ஈப்போ ஆய்வு மாணவர்:
ஆசிரியர் ஐயா கூறியதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று வுண்ட் ஒருபோதும் கருதவில்லை. மொழி, தொன்மம், வழக்கம் ஆகியவை ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கா என்று அவரே வலியுறுத்தி, அவற்றுக்காக 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். பாடநூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

சுங்கை சிப்புட் மாணவி:
மிக்க நன்றி ஐயா, அண்ணா. நேற்று இரவு அப்பாவின் கண்களைத் துணியால் கட்டி, கையில் அரிசிப் பையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ பையில் 3 கரண்டி சேர்த்தவுடன் "கூடிடுச்சு" என்றார். ஐந்து கிலோ பையில் 14ஆவது கரண்டி வரை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் இதே பங்குதான் வருகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம்.