நான்கு டொமைன், ஒரே வெப்மெயில் சர்வர்: மூன்றில் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை

கேட்டவர்:
ஒரே சர்வரில் நான்கு கம்பெனி டொமைன்களுக்கு மெயில் ஓடுகிறது. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), டவ்காட் (பெட்டியிலுள்ள மெயிலைப் படிக்கத் தருவது), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறுவது), ரவுண்ட்கியூப் 1.6 (வெப்மெயில் மென்பொருள்). முதல் டொமைனின் வெப்மெயில் முகவரி சிக்கலின்றித் திறக்கிறது. சான்றிதழ், இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பினுடையது. மற்ற மூன்றையும் போர்ட் 80-இல் (சாதாரண எச்டிடிபி) அதற்கே ரீடைரக்ட் செய்திருக்கிறேன். ஆனாலும் எச்டிடிபிஎஸ் போட்டுத் திறந்தால் பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் மறிக்கிறது. வைல்டுகார்டு (நட்சத்திரக் குறி போட்ட) சான்றிதழ் எடுத்தால் தீருமா?

பதில் 1:
தீராது. வைல்டுகார்டு ஒரு டொமைனுக்குக் கீழே ஓர் அடுக்குப் பெயர்களுக்கு மட்டும்தான். பக்கத்து டொமைனுக்கு அது உதவாது.

80-இல் வைத்த ரீடைரக்ட், நேராக 443-க்கு (எச்டிடிபிஎஸ் போர்ட்) வருகிறவரைத் தொடவே தொடாது. 443-இல் வைத்தாலும் பயனில்லை: சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் "அங்கே போ" என்ற பதிலே பிரவுசருக்குப் போகும். 443-இல் அந்தப் பெயருக்கு சர்வர் பிளாக் (அதற்கான அமைப்புப் பகுதி) இல்லையென்றால் என்ஜின்எக்ஸ் முதல் பிளாக்கின் சான்றிதழை நீட்டிவிடும். நீங்கள் பார்ப்பது அதுதான்.

ஒவ்வொரு டொமைனுக்கும் தனி சர்வர் பிளாக், அதில் அதன் பெயர், அதன் சொந்தச் சான்றிதழ். பிரவுசர் எஸ்என்ஐ (இணைப்பின் தொடக்கத்திலேயே தளப் பெயரைச் சொல்லும் முறை) வழியாகக் கேட்கும் பெயருக்கு ஏற்றது தானாகப் போகும். ஒரே சான்றிதழில் 100 பெயர் வரை அடக்கலாம்தான். ஆனால் ஒரு டொமைனின் டிஎன்எஸ் (பெயருக்கான முகவரிப் பதிவு) கெட்டாலும் மொத்தப் புதுப்பிப்பும் நின்றுவிடும். தனித்தனியாக எடுப்பதே நல்லது.

கேட்டவர்:
இரண்டுக்குக் கிடைத்துவிட்டது. நான்காவது டொமைனுக்கு சர்ட்பாட் (சான்றிதழ் எடுத்துத் தரும் கருவி) 404 (கோப்பு இல்லை) என்று திரும்புகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் தேடும் இடத்தில் வைத்த சோதனைக் கோப்பு என் பிரவுசரில் திறக்கிறது!

பதில் 2:
அந்த டொமைனுக்கு ஏஏஏஏ பதிவு (டிஎன்எஸ்-இல் ஐபிவி6 முகவரி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் முதலில் ஐபிவி6 வழியாகத்தான் வரும். பழைய ஹோஸ்டிங்கின் முகவரி அதில் தங்கியிருந்தால் அந்த சர்வர் 404 சொல்லும். பதில் வந்துவிட்டதால் ஐபிவி4-ஐ முயலாது. உங்கள் பிரவுசர் ஐபிவி4-இல் போயிருக்கும், அதனால் திறந்திருக்கும். பதிவைத் திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். முகவரி சரியாகவே இருந்தால், என்ஜின்எக்ஸ் ஐபிவி6-இலும் 80-ஐக் கேட்கிறதா என்று பாருங்கள்.

சர்ட்பாட்டின் டிரை ரன்னில் (சோதனை ஓட்டம்) வெற்றி வந்த பிறகு நிஜமாக ஓட்டுங்கள். ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்வி ஆனால் கதவு மூடிவிடும்.

கேட்டவர்:
ஏஏஏஏ-தான் காரணம். நான்கும் பச்சை. இன்னும் இரண்டு: ரவுண்ட்கியூபில் ஐமேப் ஹோஸ்டை (மெயில் படிக்க அது இணையும் சர்வர்) எஸ்எஸ்எல், லோக்கல்ஹோஸ்ட், 993 என்று மாற்றியதும் இணைப்பு விழுகிறது. அப்புறம், பயனர்கள் டொமைன் சேர்க்காமல் வெறும் பெயரை மட்டும் தட்டி நுழைய முடியுமா?

பதில் 1:
லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை, அதனால் ரவுண்ட்கியூபை ஓட்டும் பிஎச்பி மறுக்கிறது. பலரும் சொல்வதுபோல் சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள். சான்றிதழில் உள்ள பெயரையே ஹோஸ்டாக எழுதுங்கள். ஒரே இயந்திரம் என்பதால் லோக்கல்ஹோஸ்ட் 143-உம் (மறையாக்கமில்லா ஐமேப் போர்ட்) போதும், கடவுச்சொல் வெளியே போகாது. 1.6-இல் அமைப்புப் பெயர்கள் மாறியிருக்கின்றன. 'டீஃபால்ட் ஹோஸ்ட்' என்று சொல்லும் வழிகாட்டிகள் பழசு.

வெறும் பெயருக்கு, 'யூசர்நேம் டொமைன்' அமைப்பில் சதவீதக் குறியும் 'டி' எழுத்தும் இடுங்கள். முகவரியின் முதல் துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை டொமைனாகச் சேர்க்கும். ஆனால் முதல் டொமைனுக்குப் போகும் ரீடைரக்டை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மூன்றாவது கம்பெனியின் 'சேல்ஸ்', முதல் கம்பெனியின் 'சேல்ஸ்' பெட்டியைத் தட்டிக்கொண்டு நிற்பார். 80-இல் அதே பெயரின் எச்டிடிபிஎஸ்-க்கு அனுப்பினால் போதும்.

பதில் 2:
சர்ட்பாட் கோப்பைப் புதுப்பித்தாலும், ரீலோட் ஆகும்வரை சர்வர்கள் பழையதையே நீட்டும். டிப்ளாய் ஹூக்கில் (புதுப்பித்ததும் ஓடும் கட்டளை) என்ஜின்எக்ஸ், டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் மூன்றையும் ரீலோட் செய்யச் சொல்லுங்கள். எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ்-இல் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்வது) போடுவதாக இருந்தால், அதை நினைவில் வைக்கும் காலத்தை 300 வினாடியில் தொடங்குங்கள். சப்டொமைன்களைச் சேர்க்கும் விருப்பத்தை இப்போது தொடாதீர்கள்: முதன்மை டொமைனில் அதைப் போட்டால், சான்றிதழ் இல்லாத சப்டொமைன் எல்லாம் பயனர்களுக்குத் திறக்காமல் போய்விடும்.