காட்டு, உள்ளபடி காட்டு, பதிவிறக்கு: களஞ்சிய உலாவிக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் களஞ்சியத்தின் கோப்புகளையும் அவற்றின் பழைய திருத்தங்களையும் வலையுலாவியில் காட்டும் மென்பொருளான வியூவிசியில் ஒரு கோப்பின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் வியூ, டவுன்லோட் என்னும் இணைப்புகள் உள்ளன. இவற்றின் தமிழாக்கமாக முன்மொழியப்பட்ட ‘பார்’, ‘பதிவிறக்கு’ ஆகிய சொற்களில் எனக்கு இரண்டு தடைகள் தோன்றுகின்றன.

முதலாவது இலக்கணம் பற்றியது. ‘பதிவிறக்கு’ என்பது பயனர் கணினிக்கு இடும் ஏவல். பார்ப்பவர் பயனரே என்பதால், ‘பார்’ என்பது கணினி பயனரை ஏவுவதாகிவிடுகிறது. அருகருகே நிற்கும் இரு சொற்கள் எதிரெதிர்த் திசையில் பேசலாகாது. ‘காண்க’ என்றாலும் மரியாதை கூடுமேயன்றித் திசை மாறாது. ஆகவே ‘காண்’ என்பதன் பிறவினையாகிய ‘காட்டு’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது தடை பெரியது. வரி எண்களும் நிறங்களும் சேர்த்து, திருத்த விவரங்களோடு ஒரு வலைப்பக்கமாகக் காட்டுவது ஒரு செயல். எந்த ஒப்பனையும் இன்றிக் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் உலாவியில் திறப்பது இன்னொன்று. இதேபோல் களஞ்சியங்களைக் காட்டும் கிட்வெப்பிலும் கிட்ஹப்பிலும் ‘ரா’ (raw) என்னும் இணைப்பு இதற்கானது. கோப்பைப் பயனரின் வட்டில் வைப்பது மூன்றாவது. முதலிரண்டையும் ‘காட்டு’ என்றே மொழிபெயர்த்தால், நிரலைப் படியெடுக்க வந்தவர் வரி எண்களையும் சேர்த்து எடுத்துச்செல்ல நேரலாம். ‘ரா’ என்பதைப் ‘பச்சை’ என்பது நகைப்புக்கு இடமளிக்கும் (பச்சைக் கோப்பு என்றதும் நிறந்தான் நினைவுக்கு வருகிறது); ‘மூலம்’ என்றால் மூலநிரலோடு குழம்பும். ‘உள்ளபடி காட்டு’ என்பது பேச்சிலும் எழுத்திலும் பழகிய தொடர். விளக்கம் வேண்டாமலே புரியும்.

பார்த்தாலும் தரவு இறங்கத்தானே செய்கிறது, எனவே மூன்றாவதைச் ‘சேமி’ என்று அழைக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நுட்ப அளவில் அவர் சொல்வது சரி. இரு வகையிலும் அதே பைட்டுகள் வழங்கியிலிருந்து (சர்வர்) வரக்கூடும். கோப்போடு வழங்கி அனுப்பும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் என்னும் தலைப்புவரியில் ‘இன்லைன்’ என்றிருந்தால் உலாவி திறந்து காட்ட முற்படும், ‘அட்டாச்மென்ட்’ என்றிருந்தால் வட்டில் வைக்க முற்படும். ஆனால் உலாவியிலேயே கோப்பைத் திருத்தும் வசதி பல களஞ்சியங்களில் வந்துவிட்ட பிறகு, ‘சேமி’ என்ற பொத்தானைக் காண்பவர் தம் மாற்றம் களஞ்சியத்திற்குள் எழுதப்படும் என்றே எண்ணுவார். கோப்பு செல்லும் திசையையே தலைகீழாக்கும் சொல் இங்கே ஆகாது. ‘பதிவிறக்கு’ நிலைத்துவிட்ட சொல், அதுவே இருக்கட்டும். ‘தரவிறக்கு’ என்பாருடன் எனக்கு வழக்கில்லை, ஒரே மென்பொருளில் இரண்டும் கலவாமல் இருந்தால் போதும்.

ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. கோப்பின் வகையை வழங்கி அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் (இன்னதென்று குறிப்பிடாத பைட்டுத் தொகுப்பு) என்று அறிவித்தால், ‘உள்ளபடி காட்டு’ என்று சொடுக்கினாலும் உலாவி பெரும்பாலும் அதைப் பதிவிறக்கவே செய்யும். அத்தகைய கோப்புகளுக்கு அந்த இணைப்பையே மறைத்துவிடுவது நல்லது. அது நிரலாளர் செய்யவேண்டிய திருத்தம், சொல்லை மாற்றித் தீர்ப்பதற்கில்லை.