ரஷ்யக் கதைகளில் பைத்தியம்: வாசித்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, 19ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கதைகளில் மனப்பிறழ்வு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோகோலின் 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' (1835) என்னை விடவே மாட்டேன் என்கிறது. மேலதிகாரிக்கு இறகுப் பேனா சீவிக்கொடுக்கும் குமாஸ்தா போப்ரிஷின், தான்தான் ஸ்பெயின் மன்னன் என்று நம்பத் தொடங்குகிறான். நாட்குறிப்பில் '2000ஆம் ஆண்டு, ஏப்ரல் 43' என்று தேதி போடுகிறான்! மனநோய் விடுதியில் விழும் அடியும் தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரும் தாங்காமல், கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். பதவி அடுக்கில் நசுங்கியவனுக்கு அரசனாவதைத் தவிர வேறு வழியே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வாசிப்பு சரியா? மனநலத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.

செகாவின் 'ஆறாவது வார்ட்' (1892) கதையில், மனநோயாளி ஒருவரோடு ஆசையாகப் பேசப்போன டாக்டர் ராகினையே ஊரார் அதே வார்டில் அடைத்துவிடுகிறார்கள். அதையும் சேர்க்கிறேன்.

அப்புறம், கார்ஷினின் 'சிவப்பு மலர்' (1883). உலகத்துத் தீமை முழுவதும் மருத்துவமனைத் தோட்டத்துப் பூவில் இருப்பதாக நம்பும் நோயாளியின் கதை. கார்ஷினும் மனநோயால் துன்பப்பட்டவர். இது தமிழில் வந்திருக்கிறதா? யாரிடமாவது பிரதி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பெண்ணின் மனப்பிறழ்வை மையமாக வைத்த ரஷ்யக் கதைகள் தெரிந்தாலும் எழுதுங்கள். அந்தப் பகுதி இன்னும் காலியாகவே இருக்கிறது.