தறியிலிருந்து வந்த வண்டி: டொயோட்டாவின் பெயர் எதனால் நிலைத்தது?

ஏகாம்பரகுப்பத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. நெசவில் வரும் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை என்பதால், பழைய இன்னோவா ஒன்றை வாங்கித் திருப்பதி, காணிப்பாக்கம், திருத்தணி எனக் கோயில் பயணங்களுக்கு ஓட்டலாம் என்று எண்ணியிருக்கிறேன். 2013-ஆம் ஆண்டின் 2.5 லிட்டர் டீசல் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதே பணத்துக்கு வேறு நிறுவனங்களின் வண்டிகள் இன்னும் புதியதாகக் கிடைக்கும்போது, இத்தனை ஆண்டுப் பழையதற்கு ஏன் இவ்வளவு விலை சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. யாரைக் கேட்டாலும் "டொயோட்டா அல்லவா" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

இதற்கிடையில் பாவு, அதாவது தறியின் நீளவாட்டு நூல், கொண்டுவந்து கொடுக்கும் பெரியவர் ஒருவர், அந்த நிறுவனமே முதலில் தறி செய்துகொண்டிருந்தது என்றார். அப்பா சிரித்துவிட்டார், எனக்கும் நம்பிக்கை வரவில்லை. இது உண்மையா? உண்மையானால், தறி செய்தவர்கள் கார் செய்ய வந்தது எப்படி? இந்தப் பெயர் உழைத்துச் சேர்த்ததா, அல்லது விற்பவர்கள் ஊதிப் பெரிதாக்கியதா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொதட்டூர்பேட்டை ஆசிரியர் எழுதியது:

பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை, தம்பி. நெசவுத் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தக் கதையை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கதை சகிச்சி டொயோடாவிடம் தொடங்குகிறது. அவர் 1867-இல் ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து, 1891-இல் ஒரு மரக் கைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் விசைத்தறிக்கு வந்தார். 1924-இல் அவர் முடித்த "ஜி" வகைத் தானியங்கித் தறி அக்கால உலகத்தின் மிகச் சிறந்த தறிகளுள் ஒன்று. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய குச்சி, தீர்ந்த நாடா வெளியேறி நூல் நிறைந்த நாடா உள்ளே வரும். அதைவிட முக்கியமானது, இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும் என்பது. பாவின் ஒவ்வோர் இழையின் மீதும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இழை இறுக்கமாக இருக்கும்வரை தகடு மேலேயே நிற்கும். அறுந்த நொடியில் கீழே விழும். விழுந்த தகடு தறியை நிறுத்தும். ஆகவே ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டிய தேவை போயிற்று. ஒருவரே ஏறக்குறைய 30 தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இதில் வேகத்தைவிட நான் வியப்பது வேறொன்று: பழுதான துணியை அந்தத் தறி தொடர்ந்து நெய்வதில்லை.

1926-இல் டொயோடா தானியங்கித் தறி ஆலை தொடங்கப்பட்டது. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம், அதாவது உலகத்துக்கே நெசவு எந்திரம் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம், இந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இங்கிலாந்தின் நெசவுப் பகுதியான லங்காஷயருக்கு ஜப்பானியர் தறி நுட்பத்தை விற்றார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சகிச்சியின் மகன் கீச்சிரோவுக்கு மோட்டார் வண்டி மீது மோகம். தறி ஆலைக்குள்ளேயே 1933-இல் மோட்டார் பிரிவு ஒன்று திறந்து, ஒரு செவ்ரோலெட் காரைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார்கள். 1935-இல் ஜி1 என்ற சரக்கு வண்டி வந்தது. அது நன்றாக ஓடியது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அறிமுக விழாவுக்காக டோக்கியோ போகும் வழியிலேயே பழுதாகிப்போனது. 1936-இல் ஏஏ கார் வந்தது. 1937-இல் மோட்டார் நிறுவனம் தனியாகப் பதிவு செய்யப்பட்டது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் டொயோடா. அதற்கு வளமான நெல்வயல் என்று பொருள். 1936-இல் வணிகச் சின்னத்துக்காக நடத்திய போட்டிக்கு 27,000 படைப்புகள் வந்தன. அதையொட்டிப் பெயரை டொயோட்டா என்று மாற்றினார்கள். ஜப்பானிய எழுத்தில் அப்படி எழுத எட்டுக் கோடுகள் போதும். எட்டு அவர்களுக்கு நல்ல எண். தமிழில் ஒற்றை "ட" போட்டால் குடும்பம், "ட்ட" போட்டால் நிறுவனம் என்று வேறுபாடு தானாகவே விழுந்துவிடுகிறது.

1950-இல் நிறுவனம் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் எல்லாம் நடந்து, கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே மாதத்தில் கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்கப் படை சரக்கு வண்டிகளை வாங்கத் தொடங்கியதும் ஆலை பிழைத்துக்கொண்டது. அந்த வாழ்வை முழுதாகக் காணும் முன்பே, 1952-இல், கீச்சிரோ இறந்துவிட்டார்.

பிற்காலத்தில் டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்துப் புகழ்பெற்ற தாய்ச்சி ஓனோவும் நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943-இல்தான் மோட்டார் ஆலைக்கு மாறியவர். கார் பூட்டும் வரிசையில் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம், குறை தீராவிட்டால் வரிசையே நிற்கும் என்ற ஏற்பாடு, அறுந்த இழைக்கு நிற்கும் தறியின் மறுபிறவிதான். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். இனிமேல் சிரிக்க மாட்டார்.

புத்தூர் ஓட்டுநர் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன வரலாற்றுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது; ஆனால் குவாலிஸும் இன்னோவாவும் ஆகப் பல ஆண்டுகளாகத் திருமலைப் பாதையில் ஏறி இறங்கியவன் என்பதால் வண்டியைப் பற்றிச் சொல்லலாம்.

கிர்லோஸ்கர் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து, பெங்களூருக்கு அருகில் பிடதியில் ஆலை அமைத்து, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் குவாலிஸைக் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியாவில் 1986 முதல் ஓடிய கிஜாங் வண்டியைத்தான் முகம் மாற்றி இங்கே இறக்கினார்கள் என்பதால், பழைய சரக்கு என்று கேலி பேசியவர்கள் பலர். 75 குதிரைத்திறன் எஞ்சின், பெட்டி போன்ற உடல், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் எண்ணெய் மாற்றி, வடிகட்டி மாற்றி ஓட்டினால் அது நிற்கவே இல்லை. வாடகை வண்டிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே 2005-இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தபோது, எங்களில் பலர் திட்டினோம். 102 குதிரைத்திறன் எஞ்சினோடு, நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிய பிறகு திட்டுவதை நிறுத்திக்கொண்டோம்.

விலை ஏன் குறையவில்லை என்று கேட்டீர்கள். லாரியைப் போன்ற தனிச் சட்டத்தின் மீது உடலை வைத்த, பின்சக்கரம் தள்ளும் வண்டி அது. சாலையோரத்து மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டு இறுதியில் வந்த புதிய இன்னோவாவான ஹைகிராஸ் அப்படியன்று. அது முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் வண்டி, உயர்ந்த வகைகளில் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும். நல்ல வண்டிதான், ஆனால் பழைய டீசலைத் தேடுபவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஒன்று கவனியுங்கள், தம்பி. பெயர் வண்டிக்குத்தான், விற்பவருக்கு அல்ல. எனக்கு ஒருமுறை, "சொந்த உபயோகம், ஒரே கை, எண்பதாயிரம் கிலோமீட்டர்" என்று சொல்லி ஒருவர் ஒரு வண்டியைக் காட்டினார். இருக்கையின் தலைச்சாய்வைத் தடவிப் பார்த்தேன். தையல் மடிப்புக்குள் மஞ்சளாகச் சந்தனம் படிந்திருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் எத்தனை ஆண்டுகள் அதில் சாய்ந்திருக்க வேண்டும்! கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வணக்கம் சொல்லி வந்துவிட்டேன். 2.5 லிட்டர் எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட் என்ற பட்டைதான் இருக்கிறது, சங்கிலி அன்று. அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், வாங்கிய மறுநாளே மாற்றிவிடுங்கள். அது ஓடும்போது அறுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். உங்கள் தறியைப் போல இழை பிணைத்து ஓட்ட முடியாது.

வேலூர்க் கணக்கர் எழுதியது:

இரண்டு பதில்களும் சிறப்பாக இருக்கின்றன. ஆனால் பூசை கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. இதே நிறுவனம் 1957-இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்துக்கு அது தாங்கவில்லை. எஞ்சின் சூடேறி, இழுக்கும் வலுவின்றித் திணறியது. 1960-இல் அந்த விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. அதைத் தோல்வி என்றே ஏற்றுக்கொண்டு திருத்திய பிறகுதான் 1965-இல் கொரோனா என்ற காரும், அதற்குப் பின் கொரொல்லாவும் அங்கே காலூன்றின. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டவே செய்கிறேன்.

குறை பின்னால் வருகிறது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில், தரைவிரிப்பில் முடுக்கி மிதி சிக்கிக்கொள்வது, மிதி மேலே திரும்பாமல் ஒட்டிக்கொள்வது ஆகிய காரணங்களால் இலட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டது என்ற கருத்தை அவரே ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறு எதையும் நாசா ஆய்வு கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் தெரிந்த குறைகளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக, 2014-இல் 120 கோடி டாலர் கட்ட நேர்ந்ததும் உண்மை.

2023 டிசம்பரில் அதன் துணை நிறுவனமான டைஹாட்சு, 64 வகை வண்டிகளின் பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு நடந்ததாக வெளிப்படுத்தியது. அடுத்த மாதமே டீசல் எஞ்சின்களின் திறன் சோதனையில் முறைகேடு வெளிவந்தது. விற்கும் எஞ்சினில் உள்ளதிலிருந்து மாறுபட்ட மென்பொருளைச் சோதனைக்குப் பயன்படுத்தி, அளவீடு சீராகத் தெரியும்படி செய்திருந்தார்கள். அந்தப் பட்டியலில், பழைய இன்னோவாவுக்குப் பின் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் எஞ்சினும் இருந்ததால், இந்தியாவில் கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை அனுப்புவது சில நாட்கள் நின்றது. இந்த எஞ்சின்களைச் செய்தது எந்த நிறுவனம் என்கிறீர்கள்? டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். அதாவது 1926-இல் தொடங்கிய அதே தறி ஆலை, பெயர்தான் மாறியிருக்கிறது. இழை அறுந்தால் நிற்கும் தறியைச் செய்த இடத்திலேயே கயிற்றை இழுக்க யாருக்கும் கை எழவில்லை.

விற்ற எஞ்சின்கள் சொன்ன திறனைத் தருகின்றன என்று மறுசோதனையில் தெரிந்தது என்பதால், சாலையில் ஓட்டுபவருக்கு அதனால் இழப்பு இல்லை. நீங்கள் பார்க்கும் 2013 வண்டியில் இருப்பது வேறு எஞ்சின். அது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்களைத் தடுக்க இதை எழுதவில்லை. சின்னத்தைப் பார்த்து மட்டும் பணத்தை எடுத்து வைக்காதீர்கள் என்கிறேன்.

பொதட்டூர்பேட்டை ஆசிரியர் எழுதியது:

கணக்கர் சொன்னதை மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்துத் தறிக்கூடங்களிலும், ஊடை, அதாவது குறுக்கு நூல், அறுந்தால் நிறுத்தும் முள்ளைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அடிக்கடி நின்றால் கூலி குறைகிறதே என்று. அந்த ஜப்பானியச் சோதனைக்கூடத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஏகாம்பரகுப்பத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை நேற்றிரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "நம் தறி ஊடைக்கு நிற்கும், பாவுக்கு நிற்காதே. நான் பார்ப்பதற்குள் ஒரு சாண் துணி போய்விடுகிறது" என்று சொல்லிவிட்டு, அந்தத் தகட்டை நம் தறியிலும் மாட்ட முடியுமா என்று கேட்டார். முள்ளைக் கட்டி வைக்கும் செய்தியைப் படித்தபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார்.

புத்தூர் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறேன். உடன் வர இயலுமா?

புத்தூர் ஓட்டுநர் எழுதியது:

வருகிறேன், தம்பி. காலை ஆறு மணிக்கே போய்விடுவோம். நாம் வரும்வரை எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் திருகலில் எப்படி எழுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பார்க்க வேண்டும். நாம் போகும்போது முகப்பு மூடி சூடாக இருந்தால், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.