வலது காது மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது, ஸ்கூபா தெரிந்தவர்கள் உதவுங்கள்

முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்தவன், இப்போது தாய்லாந்தின் கோ தாவ் தீவில் ஓபன் வாட்டர் எனும் ஆரம்பநிலை ஸ்கூபா பயிற்சியில் (காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் நீந்துவது) இருக்கிறேன். பிரச்சினை ஒன்றுதான்: 3, 4 மீட்டர் இறங்கியதும் வலது காதில் ஊசி குத்துவது போல வலி, அதற்குக் கீழே போக முடியவில்லை. கொஞ்சம் ஏறினால் போய்விடும், மறுபடி இறங்கினால் அதே ஆழத்தில் அதே வலி. இடது காது சமர்த்து. மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றுவது, வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவது எல்லாம் சரியாக வருகிறது, பலர் பயப்படுவது அதற்குத்தானாம்!

காது திறக்க, அதாவது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் வெளியே தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிப் பார்த்தேன் (தரையில் இரண்டு காதும் டப்பென்று திறக்கின்றன, தண்ணீருக்குள் வலது மட்டும் இல்லை). மூக்கைப் பிடித்தபடி விழுங்குவது, வலது காது மேலே இருக்கும்படி தலையைச் சாய்ப்பது, மிதவைக் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, எதுவும் பலிக்கவில்லை.

சளி இல்லை, ஒவ்வாமையும் இல்லை. கிளினிக்கில் பார்த்த மருத்துவர் செவிப்பறை கிழியவில்லை, லேசாகச் சிவந்திருக்கிறது, ஆறும்வரை தண்ணீரில் இறங்காதே என்றார். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கு என்று விடுதியில் ஒருவர் யோசனை சொன்னார். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் மேலே வருகையில் காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், அது வேண்டாம்.

அடுத்த வாரம் தீவை விட்டுச் சும்போன் நகருக்குப் படகு. ஒரு காது மட்டும் இப்படி அடம்பிடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எந்த முறையில் அல்லது தரையில் செய்த எந்தப் பயிற்சியில் அது திறந்தது?